சின்னக் கடைசலுக்கு ஒரு நல்ல பிடி

மரம் கடைபவர்கள் கூடினால் உளியைப் பற்றித்தான் பேச்சு ஓடும். எந்த எஃகு, எந்தக் கோணத்தில் சாணை பிடிப்பது, கைப்பிடி எவ்வளவு நீளம் என்று மணிக்கணக்காகப் பேசுவோம். கட்டையை எதில் பிடிப்பது என்ற கேள்வி கடைசியில்தான் வரும். விரல் தடிமன் வேலைகள் செய்கிற பட்டறைக்கு அதுதான் முதல் கேள்வி என்பது என் எண்ணம். சக் என்பது லேத்தில் கட்டையைக் கவ்விப் பிடிக்கும் கருவி. என் பட்டறையில் அதில் ஒரு வகையான காலெட் சக் வந்த பிறகு வேலை எப்படி மாறியது, வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும், வாங்கிய பிறகு எதில் கவனம் வேண்டும் என்பதை இங்கே எழுதுகிறேன்.

நான் இருப்பது புளியரை பக்கம். செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு மலைப்பாதை ஏறுவதற்கு முன்னால் வரும் ஊர். மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் புனலூர், பத்தனாபுரம் பகுதி ரப்பர் தோட்டங்களில் வயதான மரங்களை வெட்டும்போது அந்தக் கட்டை எங்களுக்குக் கிடைக்கும். பலா, அயினி, தேக்குத் துண்டுகள் அறுவை மில்களில் கிடைக்கும். ஆர்டரும் இரண்டு பக்கத்திலிருந்தும் வரும். குற்றாலம் சீசன் கடைகளுக்குப் பம்பரமும் சொப்புச் சாமானும் போகும். மலைக்கு அந்தப் பக்கம் சிரட்டை அகப்பைக்குக் கைப்பிடி கேட்பார்கள். நடுவில் செஸ் காய், பேனா, இப்போது கொஞ்ச காலமாகக் கருங்காலி மணி. எல்லாமே சின்னச் சாமான். எல்லாமே ஒன்றைப் போல ஒன்று இருக்க வேண்டியவை.

அகப்பைக் கைப்பிடி வாங்குகிற புனலூர் வியாபாரி ஒவ்வொரு முறையும் சொல்வது ஒன்றுதான்: "அண்ணாச்சி, துளையில போற முனை எல்லாம் ஒரே அளவு வேணும் கேட்டோ." சிரட்டையில் துளை போடுவது அவருடைய ஆட்கள். அவர்களிடம் இருப்பது ஒரே ஒரு டிரில் பிட். முனை அரை மில்லி தடித்தால் சிரட்டை வெடிக்கும், மெலிந்தால் ஆடும்.

இந்த மாதிரி வேலைக்கு, நான்கு தாடைகள் நெருங்கி வந்து கட்டையைப் பிடிக்கும் நாலு தாடை சக் ஏன் தோதுப்படாது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அதன் தாடைகள் ஒரே ஒரு விட்டத்தில்தான் முழு வட்டமாகச் சேரும். அதைவிடப் பெரிய கட்டையையோ சின்னக் கட்டையையோ பிடித்தால் தாடையின் விளிம்போ நடுவோ மட்டும் மரத்தில் அழுந்தும். தடித்த கட்டையில் அந்தத் தழும்பு பெரிய விஷயமில்லை, வெட்டி எறிந்துவிடலாம். 10 மில்லிக் கம்பில் அந்தத் தழும்பு கம்பையே கெடுத்துவிடும். இன்னொன்று, சுழலும்போது தாடைகள் வெளியே நீட்டி நிற்கும். சின்னச் சாமானில் உளி சக்குக்கு அருகே போயே ஆக வேண்டும், விரல் முட்டியும் கூடவே போகும். அடிபட்டவர்களுக்கு அந்த வலி தெரியும்.

பழைய முறையும் உண்டு. லேத்தின் தலையில் ஒரு இரும்புக் குழல் இருக்கும், அதற்குள் கட்டையைச் சுத்தியலால் தட்டி ஏற்றிவிடுவார்கள். அரக்குச் சொப்பு கடைபவர்களுக்கு அதைவிட வேகமான வழி கிடையாது. ஏற்றிய கட்டை தீரும்வரை ஒன்றன் பின் ஒன்றாக வெட்டி இறக்குவார்கள். நான் அதைக் குறைவாகவே நினைக்க மாட்டேன். ஆனால் பாதி கடைந்த சாமானைக் கழற்றி, வேறெங்கோ துளை போட்டு, திரும்ப மாட்டினால் அது பழைய நடுவுக்கு வராது. காலெட்டில் வரும்.

காலெட் என்பது ஒரு எஃகுக் கூம்பு. நடுவில் துளை, சுவரில் இரண்டு முனையிலிருந்தும் மாறி மாறி வெட்டிய பிளவுகள். நட்டை இறுக்கும்போது கூம்பு சக்கின் சரிவுக்குள் இறங்கும், பிளவுகள் நெருங்கும், துளை சுற்றிலும் ஒரே சீராகச் சுருங்கும். மரத்தைச் சுற்றி முழு வட்டமாகப் பிடிப்பதால் தழும்பு விழுவதில்லை, நடுவும் மாறுவதில்லை. வெளியே நீட்டி நிற்கும் எதுவும் இல்லை, வழவழப்பான நட்டு மட்டும்தான்.

இன்று கடைகளில் அதிகம் கிடைப்பது ஈஆர் வகை. சுவிட்சர்லாந்தின் ரெகோ-ஃபிக்ஸ் கம்பெனி 1970-களில் இரும்பு வேலைக்காக உருவாக்கியது, பிறகு உலகத் தரமாகவே ஆகிவிட்டது. அதனால் ஒரு கம்பெனி சக்கில் இன்னொரு கம்பெனி காலெட் பொருந்தும். ஈஆர் 20, ஈஆர் 25, ஈஆர் 32, ஈஆர் 40 என்று வரும் எண்கள் காலெட்டின் வெளி அளவை ஒட்டியவை. ஈஆர் 32 காலெட்டின் தலை விட்டம் 33 மில்லி. பலர் இந்த எண்ணைப் பிடிக்கக்கூடிய கம்பின் அளவு என்று நினைத்துக்கொண்டு வாங்குகிறார்கள். ஈஆர் 32-இல் சாதாரணமாக 20 மில்லி வரைதான் பிடிக்கலாம். ஈஆர் 20-இல் 13 மில்லி, ஈஆர் 25-இல் 16 மில்லி, ஈஆர் 40-இல் 26 மில்லி.

மரத்துக்கு நான் சொல்வது ஈஆர் 32. ஈஆர் 20 பேனாவுக்கும் மணிக்கும் போதும், ஆனால் செஸ் ராஜாவோ பூரிக்கட்டைப் பிடியோ வந்தால், பிடிப்பதற்காகக் கட்டையின் முனையில் கடைகிற 13 மில்லி முளை பலவீனமாகத் தோன்றும். ஈஆர் 40 நல்ல பிடிதான், ஆனால் அதன் பெரிய நட்டு சின்ன லேத்தில் உளிக்கு இடைஞ்சல். 32 நடுவில் நிற்கிறது.

சக்கை லேத்தில் எப்படி மாட்டுவது என்பதில் இரண்டு வழி உண்டு. இங்கேதான் காசு வீணாகும். ஒன்று, பின்னால் மோர்ஸ் கூம்பு என்ற மெல்லிய சரிவுள்ள தண்டு கொண்ட சக். லேத்தின் தலையான ஹெட்ஸ்டாக்கின் துளையில் செருகிவிடலாம், விலையும் குறைவு. சின்ன லேத்துகளில் பெரும்பாலும் 2-ஆம் எண் மோர்ஸ் கூம்பு, அகன்ற பக்கம் ஏறக்குறைய 17.8 மில்லி. இந்தக் கூம்பு நேராக உள்ளே தள்ளும் விசையை நன்றாகத் தாங்கும், பக்கவாட்டு விசையைத் தாங்காது. கடைசலில் உளி தள்ளுவதோ முழுக்கப் பக்கவாட்டில்தான். ஆகவே ஸ்பிண்டில் எனும் சுழலும் தண்டின் பின்பக்கமிருந்து ஒரு நீள போல்ட் விட்டு சக்கை இழுத்துக் கட்ட வேண்டும். பட்டறைகளில் அதை டிரா பார் என்போம். அது இல்லாமல் இந்தச் சக்கில் கட்டையை மாட்டி கட்டையின் மறுமுனையைத் தாங்கும் டெயில்ஸ்டாக் துணையும் இல்லாமல் ஓட்டினால் அதிர்வில் கூம்பு கழன்று, சக்கும் கட்டையும் சேர்ந்து வெளியே வரும். பக்கத்து ஊர்ப் பட்டறை ஒன்றில் அப்படித்தான் நடந்தது. நல்ல வேளை, நேரே யாரும் நிற்கவில்லை.

மற்றொன்று, ஸ்பிண்டிலின் மரையில் நேரடியாக முறுக்கி ஏற்றும் சக். விலை கூடுதல், ஆனால் கழன்று வரும் பயம் இல்லை. நடுத்துளை பின்பக்கம் வரை திறந்திருப்பதால் நீளக் கம்பை ஸ்பிண்டில் வழியாகவே விட்டுப் பிடிக்கலாம். கருங்காலி மணிக்கு இது பெரிய வசதி. 8 மில்லிக் கம்பைப் பின்னாலிருந்து விட்டு, ஒரு மணி கடைந்து வெட்டி, நட்டைத் தளர்த்தி, கம்பை முன்னே இழுத்து, திரும்ப இறுக்கி அடுத்த மணி. ஆனால் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். பின்பக்கம் நீட்டி நிற்கும் கம்பு வேகத்தில் வளைந்து சாட்டையாக அடிக்கும். ஒரு சாணுக்கு மேல் வெளியே விடாதீர்கள். விட்டே ஆக வேண்டுமென்றால் ஒரு பிவிசி குழாயை ஸ்டாண்டு வைத்து நிறுத்தி, கம்பு அதற்குள் சுழலும்படி செய்யுங்கள்.

மரையுள்ள சக் வாங்குவதற்கு முன் உங்கள் ஸ்பிண்டிலை அளந்துவிடுங்கள். 1 அங்குல விட்டத்தில் அங்குலத்துக்கு 8 மரை இருப்பதும், 33 மில்லி விட்டத்தில் 3.5 மில்லி இடைவெளி மரை இருப்பதும் அதிகம் பார்க்கிற அளவுகள். உள்ளூரில் அடித்த லேத்துகளில் எதுவும் இருக்கலாம். வெர்னியரால் வெளி விட்டத்தை எடுங்கள், ஸ்டீல் ஸ்கேலை வைத்து ஒரு அங்குலத்துக்குள் எத்தனை மரை என்று எண்ணுங்கள். பொருந்தாத மரையாக இருந்தால் நல்ல இரும்பு லேத் பட்டறையில் இடைத்துண்டு ஒன்று செய்து தருவார்கள். அதில் பார்க்க வேண்டியது மரையைவிடத் தோள்பட்டைதான். மரைக்குப் பின்னால் இருக்கும் தட்டையான முகத்தில் சக் ஒட்டி உட்கார்ந்தால்தான் நடு சரியாக வரும். மரையில் கொஞ்சம் தளர்வு இருந்தால்கூடப் பரவாயில்லை.

காலெட்டுகளை 3 முதல் 20 மில்லி வரை முழு செட்டாக விற்பார்கள். பெட்டியைப் பார்த்தால் ஆசை வரும். எனக்கு நாள்தோறும் வேலை செய்வது 8, 10, 12, 16, 20 இந்த ஐந்துதான். பேனா கடைபவர்கள் பேனாத் துண்டைக் கோக்கும் தங்கள் மேண்ட்ரல் கம்புக்கு ஏற்ற ஒன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். மற்றவை பெட்டியில் துருப்பிடிக்கும். அதே காசில் கொஞ்சம் தரமான ஐந்தை வாங்கலாம்.

வாங்கியதும் செய்ய வேண்டிய சோதனை சுலபம். நேரான புது டிரில் பிட்டின் தண்டைக் காலெட்டில் பிடித்து, கையால் மெதுவாகச் சுழற்றி, பக்கத்தில் பென்சில் முனையை நிறுத்திப் பாருங்கள். கண்ணுக்குத் தெரிகிற ஆட்டம் இருந்தால் திருப்பிக் கொடுங்கள். டயல் கேஜ் வைத்து 0.02, 0.03 மில்லி ஆட்டத்துக்குக் கவலைப்படுவது இரும்பு வேலைக்காரர்களுக்கு. மரம் ஒரு மழைநாளில் அதைவிட அதிகமாக அசையும்.

இனி, காலெட்டை மாட்டும் முறை. என் அக்கா மகன் பட்டறைக்கு வந்த புதிதில் காலெட்டைச் சக்கின் குழிக்குள் போட்டுவிட்டு மேலே நட்டை முறுக்கினான். "மாமா, வேலை முடிஞ்சுது, காலெட் வெளிய வர மாட்டேங்குது" என்றான். நட்டின் உள்ளே ஒருபக்கமாக ஒதுங்கிய ஒரு வளையம் இருக்கிறது, காலெட்டின் கழுத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது. காலெட்டைச் சாய்த்துப் பிடித்து நட்டுக்குள் அழுத்தினால் 'டக்' என்று அந்தப் பள்ளம் வளையத்தில் மாட்டும். முதலில் அது. அப்புறம்தான் இரண்டையும் சேர்த்துச் சக்கில் முறுக்க வேண்டும். கழற்றும்போது நட்டு முதலில் லேசாகும், பிறகு மறுபடி இறுகும். அந்த இரண்டாவது இறுக்கத்தில்தான் வளையம் காலெட்டை வெளியே இழுக்கிறது. ஏதோ சிக்கிவிட்டது என்று அங்கே நிறுத்தக் கூடாது, தொடர்ந்து திருப்ப வேண்டும். உள்ளே கம்பு இல்லாமல் நட்டை இறுக்கவும் கூடாது, காலெட் உருவம் கெட்டுவிடும்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். காலெட் சக் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், கட்டையின் முனையில் நீங்கள் கடைந்து விடுகிற உருண்டை முளை சரியில்லை என்றால் அது பிடிக்காது. நாலு தாடை சக் எந்த அளவு வந்தாலும் சமாளித்துக்கொள்ளும். ஈஆர் 32 காலெட் ஒவ்வொன்றும் 1 மில்லிக்குள்தான் சுருங்கும். 12 என்று எழுதியிருந்தால் 12-க்கும் 11-க்கும் இடையில் மட்டும். 12.2 உள்ளே போகாது, தட்டி ஏற்றவும் கூடாது. 10.8 என்றால் காலெட் முழுக்கச் சுருங்கியும் பிடி தளர்வாகவே இருக்கும். காலெட் பிடிக்கவில்லை என்று என்னிடம் சொன்னவர்களின் முளையை வெர்னியரால் அளந்தபோது பெரும்பாலும் ஒரு முனை தடித்தும் மறுமுனை மெலிந்தும் இருந்தது. கூம்பான முளையைக் காலெட் ஒரு ஓரத்தில் மட்டும்தான் கவ்வும். வேகம் ஏறியதும் கட்டை தலையாட்டும்.

ஆகவே 12 காலெட்டுக்கு 11.5 என்று குறி வையுங்கள். இரண்டு பக்கமும் அரை மில்லி கையில் இருக்கும். சிலர் வாய் திறந்த ஸ்பேனரை அளவுகோலாக வைத்துக்கொள்கிறார்கள். முளையின் பின்பக்கம் ஸ்பேனரைச் சாய்த்துப் பிடித்து, முன்பக்கம் வெட்டுளியால் இறக்கிக்கொண்டே போவார்கள். ஸ்பேனர் உள்ளே விழுந்தால் அளவு வந்துவிட்டது. நல்ல தந்திரம்தான், ஆனால் ஸ்பேனரின் வாய் எழுதிய அளவைவிட ஒரு இழை பெரிது. 12 ஸ்பேனரில் வந்த முளை 12 காலெட்டுக்குள் போக அடம்பிடிக்கும். நான் 3 மில்லித் தகட்டில் 11.5 அகலத்துக்கு ஒரு வாய் வெட்டி, மூலைகளை அரத்தால் உருட்டி வைத்திருக்கிறேன். மூலை கூராக இருந்தால் சுழலும் மரத்தில் மாட்டிக் கையிலிருந்து பிடுங்கும். ஒவ்வொரு காலெட்டுக்கும் இப்படி ஒரு தகடு செய்து அதிலேயே எண்ணைப் பொறித்துவிட்டால் பட்டறையில் யார் கடைந்தாலும் ஒரே அளவு வரும்.

முளையின் நீளத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். ஈஆர் 32 காலெட் 40 மில்லி நீளம். முளை அதில் மூன்றில் இரண்டு பங்காவது உள்ளே போக வேண்டும், அதாவது 27 மில்லி அளவுக்கு. மரம் விலை கூடியது, அவ்வளவு விட மனமில்லை என்றால் அதே விட்டத்தில் ஒரு துண்டைக் கடைந்து காலெட்டின் பின்பக்கம் போட்டுவிடுங்கள். முன்னால் முளை, பின்னால் துண்டு. காலெட் இரண்டு முனையிலும் சமமாகச் சுருங்கும். முளைக்கும் கட்டைக்கும் நடுவில் உள்ள தோளைத் தட்டையாக, சற்று உட்குழிவாக வெட்டுங்கள். நட்டை இறுக்கும்போது காலெட் கட்டையைக் கொஞ்சம் உள்ளே இழுக்கும், தோள் நட்டின் முகத்தில் ஒட்டி நிற்கும். அதுவே பாதி பலம்.

நட்டை எவ்வளவு இறுக்குவது? இரும்புக்குச் சொல்லும் அளவெல்லாம் மரத்துக்கு வேண்டாம். கையால் முழுக்க முறுக்கிவிட்டு, கொக்கி ஸ்பேனரால் ஒரு சின்ன இழுப்பு. ரப்பர் மரம், வெட்பாலை மாதிரி மென்மையான கட்டையில் அதற்கு மேல் போனால் நார் நசுங்கும். கொஞ்ச நேரம் கடைந்த பிறகு லேத்தை நிறுத்தி ஒருமுறை நட்டைத் தொட்டுப் பாருங்கள். மரம் அழுந்தியதில் பிடி தளர்ந்திருக்கலாம்.

காலெட் பிடித்துக்கொள்ளும் என்பதற்காக 12 மில்லி முளையின் மேல் ஒரு சாண் நீளக் கட்டையைத் தனியாக நிறுத்த முடியாது. முளை வேரோடு ஒடியும். நான் வைத்திருக்கும் கணக்கு இது: முளையின் விட்டத்தைப் போல ஐந்து மடங்குக்கு மேல் வெளியே நீண்டால் டெயில்ஸ்டாக் கட்டாயம், கடைசி முனையை முடிக்கும்போது மட்டும் அதை விலக்கலாம். முளை வரும் பக்கத்தில் நார் நேராக ஓட வேண்டும், கணு கூடாது. இதை மரம் தேர்ந்தெடுக்கும்போதே பார்த்துவிட வேண்டும்.

மரம் என்றதும் எங்கள் ஊர் ஈரத்தைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. ஜூன் தொடங்கினால் மலையிலிருந்து சாரல் வரும், காற்றே நனைந்திருக்கும். மே மாதம் 11.8-க்குக் கடைந்து வைத்த முளை ஜூலையில் காலெட்டில் நுழையாது. நடு அளவுக்குக் குறி வையுங்கள் என்று மேலே சொன்னதற்கு இது பாதிக் காரணம். ரப்பர் மரம் இன்னொரு விதமான சோதனை. வெட்டியதும் பூஞ்சையும் துளைப்பூச்சியும் ஏறிவிடும் என்பதால் போரிக் ஆசிட், போராக்ஸ் கரைசல் ஏற்றிய கட்டையைத்தான் வாங்குகிறோம். அது சரியாகக் காய்ந்திருக்காவிட்டால், இன்று வட்டமாகக் கடைந்த முளை சில வாரங்களில் நீள்வட்டமாகும். வருடவளையத்தை ஒட்டிய திசையில் மரம் அதிகம் சுருங்கும், குறுக்கே குறைவாகச் சுருங்கும். நாலு தாடை சக் அந்தக் கோணலைப் பொறுத்துக்கொள்ளும், காலெட் பொறுக்காது. முதலில் சுமாராக உருட்டி நிழலில் அடுக்கிக் காய விடுங்கள், முளையை வேலை செய்கிற அன்று கடையுங்கள்.

ஈரம் காலெட்டையும் தின்னும். சாரல் நாட்களில் வேலை முடிந்ததும் பிளவுகளில் உள்ள தூளைப் பழைய பல் பிரஷ்ஷால் தட்டிவிட்டு, மெஷின் ஆயில் தொட்ட துணியால் துடைத்து மூடி போட்ட டப்பாவில் வைப்போம். தேங்காய் எண்ணெய் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கும், ஆனால் அது நாளடைவில் பிசுக்காகித் தூளை ஒட்டவைக்கும். அரக்கும் மெழுகும் பிளவில் ஏறினால் மண்ணெண்ணெயில் ஊறவைத்தால் விட்டுவிடும். மறுநாள் மாட்டுவதற்கு முன் எண்ணெயைத் துடைத்துவிடுங்கள். வெளிர் நிறக் கட்டையில் கறை ஏறினால் போகாது. சக்கின் உள்சரிவில் ஒரு துணுக்குத் தூள் இருந்தாலும் காலெட் ஒருபக்கம் தூக்கி உட்காரும், அதையும் விரலால் தடவிப் பாருங்கள்.

எல்லாவற்றுக்கும் காலெட் என்று நான் சொல்ல வரவில்லை. சதுரக் கட்டையை அது பிடிக்காது. கிண்ணம், தட்டு, கட்டில் கால் எல்லாம் நாலு தாடைக்கும் முகத்தட்டுக்கும் உரியவை. வேகமும் வேலைக்கு ஏற்றபடிதான்: விரல் தடிமனுக்கு நிமிடத்துக்கு 2500 சுற்று தாராளமாகப் போகலாம், தடித்த கட்டைக்கு அது ஆபத்து. நட்டு வழவழப்பாக இருக்கிறது என்பதற்காகத் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு லேத் முன்னால் நிற்காதீர்கள். முகமூடியும் கண்ணாடியும் கட்டாயம். ஈட்டி, கருங்காலித் தூள் மூச்சுக்கு நல்லதில்லை.

இவ்வளவு செலவு இப்போது முடியாது என்கிற தம்பிகளுக்கு ஒரு வழி இருக்கிறது. காய்ந்த புளி மரத்திலோ பலாவிலோ 50 மில்லி விட்டத்தில் ஒரு உருளை கடையுங்கள். அதை நாலு தாடை சக்கில் பிடித்து, லேத்திலேயே நடுவில் 12 மில்லித் துளை போடுங்கள். முன்பக்கம் 40 மில்லி நீளத்துக்கு வாள் கொண்டு குறுக்கும் நெடுக்குமாக நான்கு பிளவு வெட்டி, மேலே தோட்டத்துக் குழாய்க்குப் போடும் ஹோஸ் கிளிப் ஒன்றை மாட்டி இறுக்குங்கள். முளையைச் சுற்றிலும் நன்றாகவே கவ்வும். கிளிப்பின் திருகு வெளியே துருத்தி நிற்கும், அதன் மேல் டேப்பை நாலு சுற்றுச் சுற்றி, வேகத்தையும் குறைத்து ஓட்ட வேண்டும். வேறு அளவு வேண்டுமென்றால் வேறு உருளை. கொஞ்ச நாள் இதில் வேலை செய்தால் எந்த அளவுத் துளை உங்களுக்கு அடிக்கடி தேவைப்படுகிறது என்பது தெரிந்துவிடும். எஃகுக் காலெட் வாங்கப் போகும்போது அந்த அளவுகளை மட்டும் கேட்டு வாங்குங்கள்.